ரூவா வட்டியா, கால் வட்டியா? கோயில் காட்டுக்கு டிஸ்கவுண்ட் ரேட் போட்டுப் பார்க்குறது எப்படி: முழு வழிகாட்டி

எங்க பக்கம் வட்டியை யாரும் பர்சன்ட்ல சொல்ல மாட்டாங்க. என்ன வட்டின்னு கேட்டா "ரூவா வட்டி", "ரெண்டு வட்டி", "அரை வட்டி" இப்படித்தான் பதில் வரும். ரூவா வட்டின்னா நூறு ரூபாய்க்கு மாசம் ஒரு ரூபா, வருஷத்துக்கு 12%. அரை வட்டி 6%, கால் வட்டி 3%. இந்த மூணையும் மனசுல வெச்சுக்குங்க, கடைசி வரைக்கும் இதை வெச்சுத்தான் ஓட்டப்போறேன்.

எதுக்கு இதெல்லாம்னா, காரைக்குடிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஊர்ல (பேரு வேணாம்) பங்காளிங்க பொதுவுல ஒரு 12 ஏக்கர் இருக்கு, ஐயனார் கோயில் காடும் அதுக்கு ஓரமா ஒரு ஊருணியும். செம்மண்ணு, அதுக்குக் கீழ செம்புராங்கல்லு, அதனால கிராவல் எடுக்கக் குத்தகைக்குக் கேட்டு ஆளு வந்துட்டாங்க. வந்தவங்க சும்மா வரல, ரெண்டு பக்கத்துக்கு டைப் அடிச்ச கணக்கோட வந்தாங்க, குத்தகைக்கு விட்டா இவ்வளவு லாபம், காடா கிடந்தா இவ்வளவுதான்னு. நான் பேங்க்ல இருந்து ரிட்டயர்ட் ஆனவன்கிறதால "அண்ணே இதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு எங்கிட்ட நீட்டினாங்க. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டாம் பக்கத்துல கீழ ஓரமா பொடி எழுத்துல "12%"னு மட்டும் ஒரு வரி. காடு தோத்தது அந்த ஒரு வரியிலதான்.

அந்த வரியைப் படிக்கத் தெரிஞ்சா உங்க ஊர் கண்மாய்க்கோ காட்டுக்கோ இதே மாதிரி ஒரு பேப்பர் வரும்போது நீங்களே உக்காந்து போட்டுப் பார்த்துடலாம். ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: வட்டியைத் திருப்பிப் போடுங்க

டிஸ்கவுண்ட்னதும் ஆடித் தள்ளுபடி ஞாபகம் வந்தா தப்பில்ல, இதுவும் தள்ளுபடிதான், ஆனா காலத்துக்குத் தர்ற தள்ளுபடி. இன்னைக்கு 100 ரூபாயை ரூவா வட்டிக்கு விட்டா அடுத்த வருஷம் 112. அதையே பின்னாடியிருந்து பாருங்க, அடுத்த வருஷம் கைக்கு வரப்போற 112 ரூபாய்க்கு இன்னைக்கு மதிப்பு 100. அவ்வளவுதான் டிஸ்கவுண்ட் பண்றதுங்கிறது, அதுக்கு எடுத்துக்குற வட்டிதான் டிஸ்கவுண்ட் ரேட். எங்க ஐயா ஒரு செட்டியார் வீட்டு வட்டிக்கடையில கணக்குப்பிள்ளையா ரங்கூன்ல இருந்தவரு, அவரு முன்னாடி ஓட்டினதை நாம பின்னாடி ஓட்டுறோம்.

ஒரு வருஷத்துக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. கூட்டு வட்டி ஆச்சே, வருஷம் ஏற ஏறத்தான் அது வேலையைக் காட்டும். எதிர்காலத்துல வரப்போற 1 லட்சம் ரூபாய்க்கு இன்னைக்கு என்ன மதிப்புன்னு பாருங்க.

50 வருஷம் கழிச்சு வர்ற 1 லட்சம்: கால் வட்டியில 22,811 ரூபா, அரை வட்டியில 5,429 ரூபா, ரூவா வட்டியில 346 ரூபா.

100 வருஷம் கழிச்சு வர்ற 1 லட்சம்: கால் வட்டியில 5,203 ரூபா, அரை வட்டியில 295 ரூபா, ரூவா வட்டியில 1 ரூபா 20 காசு.

கடைசி நம்பரை இன்னொரு தடவை பாருங்க. உங்க பேரனோட பேரனுக்கு ஊருணி இல்லாமப் போறதால 1 லட்சம் நஷ்டம்னு வெச்சுக்குவோம், ரூவா வட்டிக் கணக்குல அந்த நஷ்டத்தை இன்னைக்கு நீங்க 1 ரூபா 20 காசாத்தான் எழுதணும், ஒரு கடலை மிட்டாய் காசு கூட இல்ல. யாரும் பொய் சொல்லல, யாரும் எதையும் மறைக்கல, வட்டி தானா அழிச்சுடுது.

கண்மாய், காடு, ஊருணி மாதிரி சமாச்சாரம் எல்லாமே வருஷத்துக்குக் கொஞ்சமா, ஆனா ரொம்பக் காலத்துக்குக் குடுக்கும். குவாரி, கிராவல், மரம் வெட்டுறது இதெல்லாம் சீக்கிரமா, மொத்தமாக் குடுத்துட்டு நின்னுடும். அதனால வட்டியைக் கொஞ்சம் ஏத்தினாலே தராசு ஒரு பக்கமாச் சாஞ்சுடும்.

படி 2: ஒரு புளியமரத்துல பழகிக்குங்க

12 ஏக்கருக்கு நேரா போகாதீங்க, தலை சுத்தும். வீட்டுக் கொல்லையில ஒரு பெரிய புளியமரம் இருக்குன்னு வைங்க. வருஷா வருஷம் காய்க்குத்தகைக்கு விட்டா 3,000 ரூபா கிடைக்கும். வெட்டி வித்தா இன்னைக்கே 25,000. புளியமரம் நூறு வருஷத்துக்கு மேல நிக்கிற மரம், அதனால "எப்பவும் வந்துக்கிட்டே இருக்கும்"னு எடுத்துக்கலாம், அப்படி எடுத்துக்கிட்டா கணக்கு ரொம்ப ஈசி: வருஷ வருமானத்தை வட்டியால வகுத்தா போதும்.

அரை வட்டிக்கு 3,000 வகுத்தல் 0.06, அதாவது 50,000 ரூபா. வெட்டாதே. ரூவா வட்டிக்கு 3,000 வகுத்தல் 0.12, சரியா 25,000. வெட்டினாலும் ஒண்ணுதான் வெட்டாட்டியும் ஒண்ணுதான். ரெண்டு வட்டிக்கு 12,500 ரூபாதான் வரும். வெட்டுன்னு சொல்லும்.

மரம் அதே மரம், புளி அதே புளி. பொண்ணு கல்யாணத்துக்கு ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்குற மனுஷன் மரத்தை வெட்டத்தான் செய்வாரு, அவருக்கு மரத்து மேல பாசம் இல்லன்னு அர்த்தமில்ல, 25,000 ரூபாக் கடனுக்கு வருஷம் 6,000 வட்டி ஓடுது, மரம் தர்றதோ 3,000. டவுன்ல இருந்து வந்து "மக்களுக்கு மரத்தோட அருமை தெரியல"ன்னு பேசுறவங்களைப் பார்த்தா எனக்கு எரிச்சலா வரும். அந்த மனுஷனுக்கு அரை வட்டிக்கு ஒரு கடன் ஏற்பாடு பண்ணிக் குடுத்துப் பாருங்க, மரம் தானா நிக்கும்.

நம்ம ஆளுங்க இதை எப்பவோ பழமொழியாவே சொல்லிட்டாங்க, தென்னை வெச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வெச்சவன் பாத்துட்டுச் சாவான்னு. ரெண்டு வட்டிக்காரன் எவனும் பனை வைக்க மாட்டான்.

இதே புளியமரக் கணக்கை 1973ல காலின் கிளார்க்னு ஒரு கனடாக் கணக்கு வாத்தியார் திமிங்கலத்துக்குப் போட்டாரு. நீலத்திமிங்கலம் ரொம்ப மெதுவாத்தான் பெருகும். அது பெருகுற வேகத்தை விட வெளியில கிடைக்குற வட்டி அதிகமா இருந்தா, வேட்டைக் கம்பெனிக்கு லாபம் எதுலன்னா எல்லாத்தையும் இப்பவே பிடிச்சு வித்துட்டு அந்தக் காசை வட்டிக்கு விடுறதுலதான், இனமே அழிஞ்சாலும் சரின்னு காட்டினாரு. கடல் பொதுச் சொத்தா இருக்கறதாலதான் அழியுது, ஒருத்தன் கையில ஒப்படைச்சா காப்பாத்திடுவான்னு அதுவரைக்கும் நிறையப் பேர் சொல்லிட்டு இருந்தாங்க. ஒரே முதலாளியா இருந்தாலும் வட்டி அதிகம்னா அழிப்பான்னு இவரு கணக்கு சொல்லிடுச்சு.

படி 3: ரெண்டு பக்கமும் என்ன வருதுன்னு எழுதுங்க

இப்ப நம்ம 12 ஏக்கர். நம்பரை உருண்டையாக்கிட்டேன், புரியறதுக்காக.

கிராவல் பக்கம்: வருஷம் 15 லட்சம், 10 வருஷம், அதுக்கப்புறம் குழி.

காட்டுப் பக்கம்: வருஷம் 4 லட்சம், எப்பவும். இந்த 4 லட்சம் எங்க இருந்து வந்துச்சுன்னா, ஊருணி நிறைஞ்சா பக்கத்துக் கிணறுகள்ல தண்ணி ஏறும், அதனால எத்தனை லோடு டேங்கர் தண்ணி மிச்சம்னு கிணத்துக்காரங்ககிட்டயே கேட்டு எழுதினோம். ஆடு மாடு மேய்ச்சல், விறகு, தேன், நாவப்பழம், வேப்பங்கொட்டை. இதுல பெரிய தொகை தண்ணிதான், மீதியெல்லாம் சில்லறை.

காசாத் தெரியாத பலனும் இருக்கே, குலசாமி இருக்குற இடம், பறவை, நிழல், அதுக்கு என்ன விலை போடுறது? அதுக்கு வழி இருக்கு, ஜனங்க அதுக்காக எதை விட்டுக் குடுக்குறாங்கன்னு பாக்கணும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்குல்ல, 1977ல அறிவிச்சது, அங்க கொள்ளுக்குடிப்பட்டியில தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டாங்க, நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கும், குஞ்சு பயந்து விழுந்துடும்னு. சின்னப்புள்ளைங்க வருஷா வருஷம் தீபாவளியை சத்தமில்லாமக் கொண்டாடுது, அது ஒரு விலைதானே? பைசா கைமாறல, ஆனா விலை குடுத்தாச்சு. இந்த மாதிரி உங்க ஊர்ல என்ன விட்டுக் குடுத்திருக்காங்கன்னு தேடுங்க. என் கணக்குல நான் இதைச் சேர்க்கல, எதிர்க்கட்சிக்காரங்க "கற்பனை"ன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்கன்னு தண்ணியோடயும் மேய்ச்சலோடயும் நிறுத்திக்கிட்டேன். ஆக 4 லட்சம்கிறது குறைச்சுப் போட்ட நம்பர்தான்.

ஒரு எச்சரிக்கை. ஒரே விஷயத்தை ரெண்டு பக்கமும் எழுதாதீங்க. "காடு இருந்தா தண்ணி மிச்சம்"னு ஒரு பக்கம் கூட்டிட்டு "காடு போனா தண்ணி நஷ்டம்"னு இன்னொரு பக்கம் கழிச்சா அது ரெட்டைக் கணக்கு.

அப்புறம், யாருக்கு வருதுன்னும் ஓரமா எழுதிக்குங்க. கிராவல் காசு பங்காளிங்களுக்குப் போகுது, மேய்ச்சல் போறது ஆடு வெச்சிருக்குறவங்களுக்கு, அவங்களுக்கு அந்த இடத்துல ஒரு சென்ட் கூட கிடையாது. டிஸ்கவுண்ட் ரேட் இதைச் சரி பண்ணாது.

படி 4: விலைவாசியைக் கழிங்க (நான் வழுக்கி விழுந்த இடம்)

முதல் கூட்டத்துல நான் பண்ண தப்பைச் சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. அந்த 12% அவங்க வாங்கப்போற கடனோட வட்டி. நானும் பேங்க்காரன் புத்தியில அதையே எடுத்துக்கிட்டுக் கணக்குப் போட்டு, "ஆமாப்பா காட்டுல மதிப்பு இல்லதான்"னு கூட்டத்துல சொல்லிட்டேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரல, என்னமோ இடிக்குது. அப்புறந்தான் உறைச்சுச்சு, காட்டுப் பக்கம் அந்த 4 லட்சத்தை இன்னைக்கு விலையில எல்லா வருஷத்துக்கும் அப்படியே எழுதியிருக்கோம், டேங்கர் தண்ணி விலை ஏறும்னு எங்கயும் சேர்க்கல. ஆனா கடன் வட்டி 12%ல விலைவாசி ஏத்தம் உள்ளயே இருக்கு. வர்றதை இன்னைக்கு விலையில எழுதினா வட்டியிலயும் விலைவாசியைக் கழிச்சுத்தான் போடணும்.

கழிக்கிற விதம்: வட்டி 12%, விலைவாசி ஏத்தம் 5%னா, 1.12 வகுத்தல் 1.05, அதாவது 1.0667. நிஜ வட்டி 6.67%. கடன் 10%க்குக் கிடைச்சா 4.76%. சும்மா 12ல 5 போனா 7ன்னு போட்டாலும் பக்கத்துல வந்துடும், பெரிய பாவம் இல்ல. 12ஐ அப்படியே போட்டாத்தான் பாவம்.

மறுநாள் காலையில டீக்கடைக்குப் போயி "நேத்து சொன்னது தப்பு"ன்னு சொன்னேன். ஒரு வாரம் கிண்டல் பண்ணாங்க, பரவால்ல.

படி 5: மூணு வட்டிக்கும் போடுங்க, ஒண்ணோட நிறுத்தாதீங்க

எக்செல் தெரிஞ்சா என்பிவின்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, வரப்போற தொகைக்கெல்லாம் இன்னைய மதிப்பைப் போட்டுக் கூட்டிக் குடுத்துடும். ஒரே ஒரு விஷயம், அது முதல் தொகையே வருஷக் கடைசியில வர்றதா எடுத்துக்கும், இன்னைக்கே கைக்கு வர்ற அட்வான்ஸ் ஏதாவது இருந்தா அதை ஃபங்ஷனுக்குள்ள போடாம வெளியில தனியாக் கூட்டுங்க. நிறையப் பேர் இங்க தப்பு பண்றாங்க.

நம்ம கணக்கு இப்படி வந்துச்சு (லட்சத்துல; மூணையும் விலைவாசி கழிச்ச வட்டியாப் பாருங்க):

ரூவா வட்டி: கிராவல் 84.75, காடு 33.33
அரை வட்டி: கிராவல் 110.40, காடு 66.67
கால் வட்டி: கிராவல் 127.95, காடு 133.33

கால் வட்டியில மட்டும் காடு மயிரிழையில ஜெயிக்குது. இதோட நிறுத்தினா காட்டுக்காரங்க மனசு விட்டுடுவாங்க. நிறுத்தக் கூடாது, ஏன்னா இந்தக் கணக்குல இன்னும் ரெண்டு ஓட்டை இருக்கு.

படி 6: காட்டோட மதிப்பு ஏறும், கிராவலோட மதிப்பு ஏறாது

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு படிதான் படிப்பேன்னா இதைப் படிங்க.

அமெரிக்காவுல ஸ்னேக் ஆத்துல ஹெல்ஸ் கேன்யன்னு ஒரு பள்ளத்தாக்கு, வட அமெரிக்காவுலயே ஆழமான ஆத்துப் பள்ளத்தாக்கு, அங்க அணை கட்டலாமான்னு 1960கள்ல பெரிய சண்டை. ஜான் குருட்டில்லான்னு ஒரு பொருளாதாரக்காரர், 1967லயே இயற்கைப் பாதுகாப்பு பத்தி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினவரு, அவரும் அந்தோனி ஃபிஷரும் சேர்ந்து இந்தக் கணக்கைப் போட்டாங்க. அவங்க சொன்னது சிம்பிள். அணையில வர்றது கரண்ட்டு, கரண்ட்டை நாளைக்கு வேற வழியில இதைவிட மலிவாத் தயாரிக்கலாம், அதனால அணையோட லாபம் வருஷம் போகப்போகத் தேயும். பள்ளத்தாக்கை எந்த ஃபேக்டரியிலயும் செய்ய முடியாது, ஜனங்க பெருகப்பெருக, வசதி கூடக்கூட, அதுக்கு மவுசு ஏறிக்கிட்டே போகும். ஒண்ணு தேயுது, ஒண்ணு வளருது, ரெண்டையும் வருஷா வருஷம் ஒரே தொகையா எழுதுனா அது கணக்கே இல்ல.

இப்படித் திருத்திப் போட்டப்ப, அணையோட போட்டி போட பள்ளத்தாக்கு முதல் வருஷத்துல சுமார் 80,000 டாலர் பலன் குடுத்தாப் போதும்னு வந்துச்சு. அவங்க மதிப்பீட்டுல அது குடுத்தது 9 லட்சம் டாலர் பக்கம். 1975ல அந்த இடத்தைப் பாதுகாக்கச் சட்டமே வந்துடுச்சு, அந்த அணை வரவே இல்ல.

இதை நம்ம ஊருக்குக் கொண்டு வாங்க. சுத்துவட்டாரத்துல எத்தனை கண்மாயில சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு, எத்தனை இடம் தைலமரமா ஆயிடுச்சு. மிச்சம் இருக்குற ஒரு காட்டுக்கும் ஊருணிக்கும் மதிப்பு ஏறுமா இறங்குமா? விலைவாசிக்கு மேல வருஷம் 2% ஏறும்னு வெச்சேன். கணக்கும் ஈசி, வட்டியில அந்த 2ஐக் கழிச்சுட்டு வகுக்கணும்.

ரூவா வட்டியில 4 வகுத்தல் 0.10, அதாவது 40 லட்சம். அரை வட்டியில 4 வகுத்தல் 0.04, 100 லட்சம். கால் வட்டியில 4 வகுத்தல் 0.01, 400 லட்சம்.

133ஆ இருந்தது 400 ஆயிடுச்சு பாருங்க. அரை வட்டியில 66.67 லட்சம் 100 ஆயிடுச்சு, கிராவலுக்கு (110.40) எட்டிப் பிடிக்கிற தூரம்.

ரெண்டாவது ஓட்டை, குழி. பத்து வருஷம் கழிச்சு வண்டி போயிடும், குழி போகாது. வேலி போடணும், கரை சரியாமப் பார்க்கணும், குழி ஆழத்துக்கு ஓரத்துத் தோட்டத்து ஊத்து உள்ள இறங்கும் (இது ஊருணித் தண்ணி இல்ல, தனி), எல்லாம் சேர்த்து 11ம் வருஷத்துல இருந்து வருஷம் 1.5 லட்சம். இதையும் டிஸ்கவுண்ட் பண்ணி கிராவல்ல கழிச்சா ரூவா வட்டியில 80.73, அரை வட்டியில 96.44, கால் வட்டியில 90.75.

இப்ப அரை வட்டியில காடு 100, கிராவல் 96.44. காடு ஜெயிச்சாச்சு. ரூவா வட்டியில இன்னும் கிராவல்தான், 80க்கு 40.

தராசு நேரா நிக்கிற வட்டி எதுன்னு தேடிப் பார்த்தேன், 6.15க்கும் 6.2க்கும் நடுவுல. எந்தக் கணக்கா இருந்தாலும் இந்த வட்டியைக் கண்டுபிடிச்சு வெச்சுக்குங்க. அப்புறம் சண்டை "காடு வேணுமா வேணாமா"ங்கிறதுல இருந்து "6.2க்கு மேலயா கீழயா"ன்னு மாறிடும், அது பேசித் தீர்க்கக்கூடிய சண்டை.

படி 7: எந்த வட்டின்னு யாரு சொல்றது?

ஐயா சொல்லுவாரு, ரங்கூன் முகல் தெருவுல செட்டியார்கள் கோயில்ல மாசா மாசம் கூடி "இந்த மாச நடப்பு வட்டி இவ்வளவு"ன்னு முடிவு பண்ணுவாங்களாம். பெரிய மார்க்கெட்டு, லட்சக்கணக்குல புரளுற பணம், ஆனா வட்டின்னு ஒண்ணு வானத்துல இருந்து விழல, நாலு பேர் உக்காந்து பேசி வெச்சது. டிஸ்கவுண்ட் ரேட்டும் அப்படித்தான், உக்காந்து பேசுறவங்க யாருங்கிறதுதான் கேள்வி.

பொருளாதாரக்காரங்க இதை ரெண்டு துண்டாப் பிரிப்பாங்க. முதல் துண்டு வெறும் பொறுமையின்மை, எனக்கு இன்னைக்கே வேணும்ங்கிறது. ரெண்டாவது, பேரன் நம்மளை விட வசதியா இருப்பான், அவனுக்கு ஒரு ரூபா பெருசா தெரியாதுங்கிறது. ரெண்டையும் கூட்டினா வட்டி. 1928ல ஃபிராங்க் ராம்சேன்னு 25 வயசுப் பையன் கேம்பிரிட்ஜ்ல எழுதினது இதுக்கு அடிப்படை. அவரே முதல் துண்டை ஏத்துக்கல, பின்னால வர்றவங்க சந்தோஷத்தைக் குறைச்சு எடை போடுறது அறத்துக்கு ஒத்து வராது, கற்பனை பத்தாததால வர்றதுன்னு எழுதி வெச்சுட்டு 26 வயசுல செத்துப் போயிட்டாரு.

2006ல இங்கிலாந்துல நிக்கோலஸ் ஸ்டெர்ன் காலநிலை மாற்றத்துக்குக் கணக்குப் போட்டப்ப பொறுமையின்மைக்கு வெறும் 0.1% வெச்சாரு, ரெண்டாவது துண்டுக்கு, அதாவது வளர்ச்சிக்கு 1.3%, மொத்தம் 1.4%. இப்பவே பெருசா செலவு பண்ணுங்கன்னு சொன்னாரு. அமெரிக்காவுல வில்லியம் நார்ட்ஹவுஸ் இதை ஒத்துக்கல, மார்க்கெட்டுல ஜனங்க நடந்துக்குறதுக்கு இது பொருந்தலைன்னு 5.5% பக்கம் வெச்சாரு, செலவைக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தலாம்னாரு. 100 வருஷம் கழிச்சு வர்ற 1 லட்சம் நஷ்டம், ஸ்டெர்ன் கணக்குல இன்னைக்கு 24,900 ரூபா, நார்ட்ஹவுஸ் கணக்குல 473 ரூபா. ரெண்டு பேருக்கும் நடந்த சண்டையில பெரும்பங்கு இந்த ஒரு நம்பர்தான்.

ஆபீஸ்கள்லயும் ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு வெச்சிருக்காங்க. அமெரிக்க அரசு 1992ல 7%ன்னு வெச்சுது, 2003ல 3%க்கும் 7%க்கும் ரெண்டுக்கும் போட்டுக் காட்டுன்னு சொல்லுச்சு. ஏசியன் டெவலப்மென்ட் பேங்க் ரொம்ப நாளா 12%ல இருந்துச்சு, 2017ல 9%க்கு இறக்குச்சு, சுற்றுச்சூழல் மாதிரி சில வேலைக்கு 6%. எங்க ஊருக்கு வந்த பேப்பர்ல இருந்த அந்த 12%க்கு ஆதாரம் கேட்டப்ப "அது வழக்கமாப் போடுறதுங்க"ன்னாங்க. அதை வழக்கமா வெச்சிருந்தவங்களே மாத்திட்டாங்க, இவங்க இன்னும் மாத்தல.

நம்ம நாட்டுலயும் காட்டு நிலத்தை வேற வேலைக்கு எடுத்தா அந்தக் காட்டோட பிரசன்ட் வேல்யூவை, அதாவது இன்னைய மதிப்பைக் கட்டணும், காட்டைக் காப்பாத்தப் போட்ட கோதவர்மன் வழக்குல வந்த ஏற்பாடு அது. 2008ல உச்ச நீதிமன்றம் ஹெக்டேருக்கு 4.38 லட்சத்துல இருந்து 10.43 லட்சம் வரைக்கும்னு நிர்ணயிச்சுது. அந்த மாதிரித் தொகைக்குப் பின்னாலயும் யாரோ தேர்ந்தெடுத்த ஒரு வட்டி இருக்கு.

என் கருத்தக் கேட்டா, நம்ம பேரன் வசதியா இருப்பாங்கிற ரெண்டாவது துண்டு காசுக்குச் சரி, ஊருணிக்குத் தப்பு. அவன்கிட்ட ஏசி இருக்கும், கார் இருக்கும், தண்ணி நம்மகிட்ட இருக்குறதை விடக் குறைச்சலாத்தான் இருக்கும். தண்ணியில அவன் ஏழை. படி 6ல போட்ட 2% இதுக்குத்தான்.

படி 8: ரெண்டு மாமா, ரெண்டு வட்டி

வட்டி எவ்வளவுன்னே ஒத்து வரலைன்னா? சராசரி எடுத்துடலாம்னு தோணும், எடுக்காதீங்க. ஒரு மாமா 1%ங்கிறாரு, இன்னொரு மாமா 7%ங்கிறாரு. சராசரி 4%, அதுல 100 வருஷம் கழிச்சு வர்ற 1 லட்சம் இன்னைக்கு 1,980 ரூபா. ஆனா யாரு சரின்னு தெரியாதப்ப சராசரி எடுக்க வேண்டியது வட்டிக்கு இல்ல, ரூபாய்க்கு. முதல் மாமா கணக்குல 36,971 ரூபா, ரெண்டாவது மாமா கணக்குல 115 ரூபா, சராசரி 18,543. இதுக்குச் சமமான வட்டி 1.7% தான். காலம் நீள நீள 7% மாமா குரலே கேக்காது, 1% மாமாதான் நிப்பாரு.

இதை அழகாக் காட்டினது ஹார்வர்டுல இருந்த மார்ட்டின் வைட்ஸ்மன், 2001ல 2,160 பொருளாதாரக்காரங்ககிட்ட உங்க வட்டி என்னன்னு கேட்டு, சராசரி 4% பக்கம் வந்தாலும் தூரத்து வருஷங்களுக்கு அது இறங்கிக்கிட்டே போகணும்னாரு. இங்கிலாந்து அரசு இதை நடைமுறையிலயே வெச்சிருக்கு, முதல் 30 வருஷத்துக்கு 3.5%, அப்புறம் படிப்படியா இறங்கி 300 வருஷத்துக்கு அப்பால 1%. உங்க கணக்குலயும் முதல் 30 வருஷத்துக்கு ஒண்ணு, அதுக்கப்புறம் அதைவிடக் குறைச்சலா ஒண்ணுன்னு வைக்கலாம், யாராவது கேட்டா இங்கிலாந்தைக் காட்டுங்க.

படி 9: திரும்ப வாங்க முடியுமான்னு கேளுங்க

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகளுக்குப் போயிருப்பீங்க. இடிச்ச வீட்டு பர்மாத் தேக்குத் தூணு, நிலை, கதவு எல்லாம் சாத்தி வெச்சிருப்பாங்க. காசு இருந்தா தூணைத் திரும்ப வாங்கலாம், வீட்டை வாங்க முடியாது. கோயில் காடும் அப்படித்தான், மரம் நடலாம், அந்தக் காடு வராது.

1974ல கென்னத் ஆரோங்கிற பொருளாதாரக்காரரும் ஃபிஷரும் (மேல சொன்ன அதே ஃபிஷர்தான்) காட்டினது, திரும்ப முடியாத முடிவுன்னா காத்திருக்குறதுக்கே தனியா ஒரு மதிப்பு உண்டு. இன்னைக்கு விட்டு வெச்சா அடுத்த வருஷமும் கிராவல் எடுக்கலாம், மண்ணு எங்கயும் ஓடாது. இன்னைக்கு எடுத்துட்டா அடுத்த வருஷம் காடா வெச்சுக்கலாம்னு முடிவு பண்ண முடியாது. அதனால ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா வந்தா (நம்மது 100க்கு 96) தள்ளிப் போடுங்க.

படி 10: குறைஞ்ச வட்டி எப்பவும் காட்டுக்கு நல்லதுன்னு நினைச்சுடாதீங்க

இதைச் சொல்லாம விட்டா நான் ஒரு பக்கமா எழுதின மாதிரி ஆயிடும். அணை மாதிரிப் பெரிய வேலைக்கெல்லாம் செலவு முன்னாடி, லாபம் அம்பது அறுபது வருஷத்துக்கு. வட்டி குறைஞ்சா அதுவும் லாபமாத் தெரியும். அமெரிக்காவுல அந்தக் காலத்துல அரசு அணைகளுக்கு ரொம்பக் குறைஞ்ச வட்டி வெச்சுக் கணக்குக் காட்டித்தான் நிறைய ஆத்தை மறிச்சாங்க, அப்ப இயற்கை ஆர்வலர்கள் கேட்டது வட்டியை ஏத்துங்கன்னுதான். நம்ம கிராவல் பத்து வருஷ வேலை, அதனால குறைஞ்ச வட்டி காட்டுக்கு ஒத்தாசை. எதிர்ல வர்றது அறுபது வருஷத் திட்டம்னா ரெண்டு பக்கமும் வீங்கும். அப்ப வட்டியை மட்டும் நம்பாம படி 6ஐத்தான் பிடிக்கணும், எது தேயுது, எது வளருது.

ரெண்டாவது கூட்டத்துக்குப் போகும்போது ஒரு சார்ட் பேப்பர்ல மூணு வட்டிக்கும் மூணு பத்தி போட்டு, நடுவுல 6.2னு சிவப்புல எழுதிக் கொண்டு போனேன். பெரியவங்க எல்லாம் வட்டியில பழுத்தவங்க, நான் ரெண்டு நிமிஷம் விளக்கினதுமே ஒரு ஆச்சி, "அப்ப ரூவா வட்டிக்குக் கோயிலையே வித்துறலாம்ல"ன்னுச்சு. சிரிச்சுட்டாங்க. ஆனா பின்னாடி உக்காந்திருந்த ஒரு தம்பி எந்திரிச்சு, "அண்ணே, அந்த ரெண்டு பர்சன்ட் ஏறும்னு போட்டீங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு கேட்டான். சரியான இடத்துல கை வெச்சான். ஒண்ணரை பர்சன்ட்னு போட்டா அரை வட்டியில காடு 89 லட்சந்தான், கிராவல்தான் ஜெயிக்கும். அது நான் வெச்ச நம்பர்தான் தம்பின்னு ஒத்துக்கிட்டேன்.

முடிவு தள்ளிப் போயிருக்கு. அந்தத் தம்பியையே கூட்டிக்கிட்டு ஊருணியைச் சுத்தி இருக்குற ஏழு கிணத்துலயும் மாசம் ஒரு தடவை கயிறு விட்டுத் தண்ணி மட்டம் எழுதிட்டு வர்றோம், பழைய டேங்கர் பில்லு வெச்சிருக்குறவங்ககிட்ட வாங்கி வருஷ வாரியா அடுக்குறோம். நோட்டு அவன்கிட்ட இருக்கு.